மனமுவந்து காலி செய்த பின்பு

நில வழக்கு என்றால் தூக்கம் வரும் என்று உங்களுக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது. உங்களோடு படித்தவர்கள் கிரிமினல் பக்கம் போய் ஜாமீன் கதைகளாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நீங்கள் மட்டும் பட்டாவும் வில்லங்கச் சான்றுமாக மாட்டிக்கொண்டதாக நினைக்கிறீர்கள். நான் வேலை பார்த்த காலமெல்லாம் மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நில வழக்குகள்தான் நடத்தினேன். கவுனை மடித்துப் பெட்டியில் வைத்தாயிற்று. ஆனாலும் மந்தைவெளி வழக்கைச் சொல்ல ஆரம்பித்தால் என்னால் நாற்காலியில் உட்கார முடியாது. இப்போதே எழுந்துவிட்டேன், பாருங்கள்!

நிபந்தனையோடு கூடிய கிரய ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று நான் வகுப்பு எடுக்கப்போவதில்லை. இன்னது நடந்தால் என் நிலத்தை உனக்கு விற்கிறேன், நடக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம். படிக்க ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரிக்குள் எத்தனை பேருடைய மூச்சு சிக்கிக்கொண்டிருக்கிறது என்பதை நாம் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

என்னிடம் வந்தவர் டாக்டர் சுதா. கால்நடை மருத்துவர். வேளச்சேரியில் தரைத்தளத்தில் வீடும் மருத்துவமனையும் ஒன்றாக வைத்திருந்தார். பெருமழை வந்தால் அங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கூண்டுக் கூண்டாக நாய்களையும் பூனைகளையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி, யார் யார் வீட்டு வாசலிலோ வைத்துக் காப்பாற்றியவர் அவர். கடைசியில் அந்த வீட்டை விற்றுவிட்டு, மந்தைவெளியில் ஒரு மனையை வாங்க ஒப்பந்தம் போட்டார். மனையின் சொந்தக்காரர் ஷம்சுதீன் பாய், ராயப்பேட்டையில் ரெக்சினும் ஸ்பாஞ்சும் விற்கும் வியாபாரி. தகப்பனார் வழி வந்த மனை. அதன் பின்பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் தனம் என்ற பெண் ஆட்டோ சீட்டு தைத்துக்கொண்டு, அங்கேயே குடியும் இருந்தாள்.

ஒப்பந்தத்தில் நிபந்தனை இப்படி இருந்தது: "கொட்டகையில் குடியிருப்பவர் மனமுவந்து காலி செய்த பின்பே கிரயம் முடிக்கப்படும். குறித்த காலத்துக்குள் அவர் காலி செய்யாவிட்டால் இந்த ஒப்பந்தம் தானாகவே ரத்தாகும்."

கையெழுத்துப் போட்ட கொஞ்ச நாளில் தெருமுனையில் மெட்ரோ ரயில் வேலைக்குத் தடுப்பு வைத்தார்கள். தடுப்பு வந்தது, மனை விலையும் கிடுகிடுவென்று ஏறியது. காலக்கெடு முடிந்தது. தனம் காலி செய்யவில்லை. ஒப்பந்தம் ரத்து என்று பாய் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். பாயின் அண்ணன் மகன் ரியாஸ் ஒரு கட்டட நிறுவனத்தோடு பேச ஆரம்பித்துவிட்டான் என்றும் செய்தி வந்தது. டாக்டர் சுதாவுக்கு வீடும் இல்லை, மனையும் இல்லை. அந்த விலையில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு மனை கனவில்கூடக் கிடைக்காது.

ஒப்புக்கொண்டபடி மனையைக் காலி செய்து விற்றுக் கொடுக்க வேண்டும் என்று வழக்குப் போட்டேன். என் வாதம் சுலபமானது. நிபந்தனை நிறைவேறாமல் ஒருவர் தாமே தடுத்துவிட்டு, பிறகு அது நிறைவேறவில்லை என்று சொல்லி நழுவ முடியாது. விலை ஏறியதும் பாய்தான் தனத்தைக் காலி செய்ய விடாமல் பிடித்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சாட்சிக் கூண்டில் நிரூபித்தால் போதும்.

எதிர்த் தரப்பில் பாய்க்காக வந்தவர் எங்கள் பகுதியில் எல்லாரும் எழுந்து நின்று வழிவிடும் ஒரு மூத்த வழக்கறிஞர். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் தனத்தைத் தம் பக்கச் சாட்சியாக அழைத்தார். தான் இன்னும் காலி செய்யவில்லை என்று அவள் சொன்னால் போதும், ஒப்பந்தம் செத்துவிடும் என்பது அவர் கணக்கு. குறுக்கு விசாரணைக்கு நான் எழுந்தேன்.

"பாய் உங்களைக் காலி பண்ணச் சொன்னாரா?"

"இல்லீங்க."

"காலி பண்ண வேண்டாம்னு சொன்னாரா?"

தனம் திரும்பி பாயைப் பார்த்தாள். பாய் தலையைக் குனிந்துகொண்டார். "இங்க நின்னுகினு பொய் சொல்ல மாட்டேன். ஆமா, சொன்னாரு. டாக்டரம்மாவுக்கு எடத்தப் பேசி முடிச்சப்புறம்தான், 'நீ எங்கயும் போவாத தனம், இங்கயே இரு'ன்னாரு."

அந்த நொடியை எப்படிச் சொல்வது! வழக்கு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் என் கைக்கு வந்துவிட்டது. என் ஜூனியர் பெஞ்சுக்குக் கீழே என் காலை மிதித்தாள். ஒரு பேச்சு கூடுதலாகப் பேசினாலும் கெட்டுவிடும். "ஏன் அப்படிச் சொன்னார்?" என்ற கேள்வி நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கிவிட்டு, "வேறு கேள்விகள் இல்லை" என்று உட்கார்ந்தேன். வேண்டிய பதில் வந்ததும் உட்காரத் தெரிய வேண்டும். இதை நீங்கள் முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் நீதிபதிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாதே! அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா அப்படிச் சொன்னார்?" என்று கேட்டுவிட்டார்.

"ஆத்தோரம் எங்க வூட்ட இடிச்சப்போ, சாமானோட சாமானா எங்களையும் லாரில ஏத்தி ஊருக்கு வெளில கொண்டும்போய் வுட்டாங்க ஐயா. அங்க ஆட்டோவே வராது. ஆட்டோ வராத எடத்துல ஆட்டோ சீட்ட யாருக்குத் தைக்கிறது? ரெக்சின் வாங்கப் போனப்போ பாயாண்ட அழுதுட்டேன். அவரு ஒண்ணும் பேசல. மறுநா டெம்போ எட்துகினு வந்து, என் மிஷினையும் என்னையும் இட்டாந்து இந்தக் கொட்டாய்ல வெச்சாரு. 'இனிமே உன்ன யாரும் வண்டில ஏத்த மாட்டாங்க'ன்னாரு. அத்தோட சரி."

மூத்தவர் எழுந்து, மறு விசாரணை இல்லை என்றார். தனம் கூண்டிலிருந்து இறங்கினாள்.

சட்டப்படி என் பிடி கொஞ்சமும் தளரவில்லை. தடுத்தது தடுத்ததுதான்; நல்ல மனதோடு தடுத்தாலும் அது தடுப்பதுதான். ஆனால் பின் வரிசையிலிருந்து டாக்டர் சுதா எழுந்து வந்து என் கவுனைப் பிடித்து இழுத்தார்.

"மேடம், நாம ஜெயிச்சா இந்தம்மாவுக்கு என்ன ஆகும்?"

"காலி செஞ்சு குடுக்கச் சொல்லி பாய்க்கு உத்தரவு வரும்."

"இவங்க போகலேன்னா?"

"இவங்க மேல தனியா ஒரு வழக்குப் போடணும். கடைசியில கோர்ட் அமீனா வந்து சாமானை வெளியில எடுத்து வைப்பார்."

"எனக்கு அந்த மாதிரி வேண்டாம் மேடம்."

"மனையே வேண்டாமா?"

"மனை வேணும். அது இல்லாம நான் எங்க போவேன்? ஆனா அந்த மாதிரி வேண்டாம்."

மேலே நீதிபதி, "வாதத்தை நாளைக்கே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னிடம் இருந்தது மூச்சு விடும் நேரம்தான். கட்சிக்காரர் உணர்ச்சிவசப்படுகிறார் என்று ஒதுக்கிவிட்டு வாதாடலாம், அநேகமாக ஜெயித்துவிடலாம். அல்லது அந்த நிபந்தனையே எங்களுக்கு வேண்டாம், தனத்தோடு சேர்த்தே மனையை வாங்கிக்கொள்கிறோம் என்று அங்கேயே சொல்லிவிடலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மறு நிமிடமே எதிர்த் தரப்பு, "நிபந்தனை எங்கள் நன்மைக்காக எழுதியது, அதை விட்டுக்கொடுக்க நீங்கள் யார்?" என்று கேட்கும். மனையைக் காலியாகக் கேட்டுப் போட்ட என் வழக்கும் நடுவில் இரண்டாக உடைந்துவிடும். பெருந்தன்மை காட்டப்போய்க் கட்சிக்காரரை நடுத்தெருவில் நிறுத்தும் வக்கீல்களை நான் பார்த்திருக்கிறேன்.

எழுந்தேன். "வாதத்துக்கு முன்னால் இரண்டு தரப்பும் ஒரு முறை சேர்ந்து இடத்தைப் பார்க்க விரும்புகிறோம். நாளைக் காலை வரை அவகாசம் வேண்டும்."

இரண்டு தரப்பும் என்றேன்! மூத்தவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "அப்படி ஒன்றும் எனக்குத் தெரியாது" என்று அவர் சொன்னால் நான் அங்கேயே காலி. அவர் எழுந்து, "ஆட்சேபணை இல்லை" என்றார்.

வெளியே வராந்தாவில் என்னை நிறுத்தினார். "ஏம்மா, நீங்க ஜெயிச்சுண்டு இருக்கேள். எதுக்கு நிறுத்தறேள்?"

"என் கட்சிக்காரருக்கு ஜெயிக்கிறது மட்டும் போதலை சார்."

"அப்போ சாயங்காலம் நானும் வரேன். நான் இல்லாம என் கட்சிக்காரர்ட்ட நீங்க ஒரு வார்த்தை பேசப்படாது."

"அதுக்காகத்தான் சார் இரண்டு தரப்பும்னு சொன்னேன்."

சிரித்துவிட்டார். எதிரில் நிற்பவரை எதிரியாக நினைக்காதீர்கள் என்று யாரும் எனக்கு வகுப்பு எடுக்கவில்லை. அவருடைய "ஆட்சேபணை இல்லை" என்ற வார்த்தைதான் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

அன்று சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் நாங்கள் மந்தைவெளியில் இருந்தோம். தெருவில் பாதியை மெட்ரோ தடுப்புகள் விழுங்கியிருந்தன. கொட்டகைக்குள் கலர் கலராக ரெக்சின் உருளைகள், மூலையில் சதை உரித்த எலும்புக்கூடு மாதிரி ஆட்டோ சீட்டுச் சட்டங்கள், பசை வாடை. பாய் வாசலோரம் ஒரு ஸ்பாஞ்சு அடுக்கின் மேல் உட்கார்ந்தார். மூத்தவர் வேட்டியை மடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். டாக்டர் சுதா நின்றுகொண்டே இருந்தார். தனம் எல்லாருக்கும் டீ சொன்னாள். சாட்சியம் முடிந்துவிட்டதால் இப்போது அவளோடு தாராளமாகப் பேசலாம்.

நான் கேட்டேன், "தனம், உங்களுக்கு என்னதான் வேணும்?"

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னாம்மா, இம்மாம் நாளா கேஸு நடத்திகினு கீறீங்க. இப்பதான் இதக் கேக்கணும்னு தோணுச்சா?"

வந்த டீயை எங்கள் கைகளில் கொடுத்துக்கொண்டே அவள் தொடர்ந்தாள்.

"இந்தக் கொட்டாய்லயே இருக்கணும்னு எனக்கு இன்னா வேண்டுதலா? மழ பேஞ்சா ஒழுவுது. மெட்ரோவுக்கு ரோட்ட அடச்சதுலேர்ந்து ஒரு ஆட்டோ உள்ள திரும்ப முடில. சீட்ட கயட்டி தலைல வெச்சிகினு நடந்து வராங்க. பாதிப் பேரு வரதே இல்ல. ரோட்டப் பாத்தாப்ல ஷட்டர் வெச்ச ஒரு கடையும் பின்னால படுக்க ஒரு எடமும் இருந்தா நா இன்னிக்கே இத்த வுட்டுட்டு எய்ந்து வந்துருவேன்."

பாய் ஆடிப்போய்விட்டார். "அரே தனம்! இதை நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"எப்டி பாய் சொல்றது? எடம் குடுத்தவரு நீங்க. உங்களாண்ட வந்து, நீங்க குடுத்தது நல்லால்லன்னு சொல்வாங்களா?"

"நான் உன்னைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேனேம்மா."

"காப்பாத்துனீங்க பாய். அதான் வாய் வரல."

டாக்டர் சுதா சட்டென்று குனிந்து, ரெக்சினில் கோடு போட வைத்திருந்த சாக்குக்கட்டியை எடுத்தார். சிமெண்டுத் தரையில் மனையை வரைந்தார். இது தெரு, இது வாசல், இங்கே நாய்களுக்குக் கூண்டு அறை, இங்கே அறுவை சிகிச்சை, முன்பக்கம் முழுக்க வரவேற்பறை. தனம் டீ கிளாஸோடு வந்து பார்த்தாள். வரவேற்பறையின் ஒரு ஓரத்தைக் காலால் அழித்தாள்.

"இங்க ஒரு ஷட்டர் போடு டாக்டரம்மா. ஆட்டோ நிக்க இவ்ளோ எடம் வுடு."

"அவ்வளவு விட்டா நாயைக் கூட்டிட்டு வர்றவங்க எப்படி உள்ள வருவாங்க? இதோ, இப்படி விடறேன்."

"நாயி கொலச்சிகினே இருந்தா நா எப்டி தைக்கிறது?"

"உங்க மிஷின் சத்தத்துக்கு என் நாய்ங்க என்ன ஆகுமோன்னு நான் பயந்துட்டிருக்கேன்!"

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டுச் சண்டை பிடித்தார்கள். ஒப்பந்தம் கேட்ட விஷயம் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. அவள் மனம் உவந்து எழுந்து வரத் தயார். நிபந்தனையைத் தூக்கிப் போடவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். அதை நிறைவேற்றிவிடலாம்!

ஆனால் தனத்துக்கு என்ன பாதுகாப்பு? கிரயம் முடிந்த பிறகு டாக்டர் மனம் மாறிவிட்டால்? அவர் இன்னும் உரிமையாளர் ஆகவில்லை, இப்போது அவர் வாடகைப் பத்திரம் எழுத முடியாது. நானும் மூத்தவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். "பாயே எழுதட்டும்!"

அதுதான் வழி. இன்றைய உரிமையாளர் பாய். முன்பக்கத்துப் பகுதியை அவர் முதலில் தனத்துக்கு நீண்ட கால வாடகைக்குப் பதிவு செய்து கொடுத்துவிட்டால், பிறகு வாங்குகிறவரை அது கட்டுப்படுத்தும். அதற்குப் பிறகு கிரயம். மூத்தவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தொடையில் தட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ரியாஸ் வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் கொதித்துவிட்டான். "சாச்சா, காலக்கெடு எப்பவோ முடிஞ்சு போச்சு. நாம எதுக்கு இறங்கிப் போகணும்? கேஸ்ல நமக்குத்தான் ஜெயம்னு வக்கீல் சாரே சொன்னாரு."

"இன்னிக்குக் காலம்பற வரைக்கும் சொன்னேன் தம்பி" என்றார் மூத்தவர். "இப்போ நாம தோத்துண்டு இருக்கோம். அதைச் சொல்றதும் என் வேலைதான்."

"மேல போய்ப் பாக்கலாம் சாச்சா. அப்பீல் இருக்கு. அந்தக் கம்பெனிக்காரங்க தர்றதா சொன்னதை நெனச்சுப் பாருங்க. எத்தனை வருஷம் கடையில நின்னாலும் அது வராது."

அவன் சொன்னதில் பொய் இல்லை. இழுத்தடித்தால் டாக்டர் சுதாதான் முதலில் தளர்ந்து போவார். பாய் தரையில் இருந்த சாக்குக்கோடுகளைக் குனிந்து பார்த்தார். டாக்டர் சுதா ஏதோ சொல்லப் போனார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். மூத்தவரும் வாய் திறக்கவில்லை. உங்களுக்கு இருபது நல்ல வாதங்கள் தெரிந்திருக்கும். ஒரு மனிதர் தம்மோடு தாமே வாதாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து அவற்றை எடுத்து விடாதீர்கள். தெருவில் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. நாங்கள் காத்திருந்தோம்.

பாய் கடைசியில் கேட்டார், "ரியாஸ், அந்த நிபந்தனையை எழுதச் சொன்னது யாரு?"

"நீங்கதான்."

"மனமுவந்துன்னு ஒரு வார்த்தையைச் சேக்கச் சொன்னது?"

ரியாஸ் பைக் சாவியை விரலில் சுற்றினான்.

"நானேதான். அவ மனசு வரணும்னுதான் டாக்டரம்மாவை இத்தனை நாள் அலைய விட்டேன். இப்ப அவ மனசு வந்து நிக்குது. இனிமேயும் விக்க மாட்டேன்னா, நான் தனத்துக்காக நின்னேன்னு யார் நம்புவா? நானே நம்ப மாட்டேன்." அவர் எழுந்து நின்றார். "வக்கீல் சார், எழுதுங்க. ஆனா தனத்தோட பத்திரம்தான் முதல்ல."

ரியாஸ் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் கோபம் ஒரே நாளில் அடங்கியது என்று சொன்னால் நான் கதை விடுகிறேன் என்று அர்த்தம். வெகு நாள் அவன் பாயோடு பேசவில்லை. ஒருவருக்கும் வலிக்காத சமரசம் என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் காலை சமரச மனுவோடு போய் நின்றோம். மனுவைப் படித்து முடித்த நீதிபதி, இந்த வழக்கில் கட்சிக்காரரே இல்லாத தனத்தை முன்னால் அழைத்தார். அது அவருடைய பெரிய மனது. "அம்மா, கொட்டகையைக் காலி செய்யச் சொல்லி யாராவது உங்களை வற்புறுத்தினார்களா?"

"இல்லீங்க ஐயா" என்றாள் தனம். "நாந்தான் இவங்க எல்லாரையும் வற்புறுத்துனேன்."

நீதிபதி சிரித்துவிட்டார். மூத்தவர் சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தீர்ப்பாகி வந்திருந்தால் ஒருவர் ஜெயித்து ஒருவர் தோற்றிருப்பார். அன்று வாசல் படியில் நாங்கள் எல்லாரும் சத்தமாகப் பேசிக்கொண்டு இறங்கியதைப் பார்த்தவர்கள், எந்தத் தரப்பு எது என்று குழம்பிப் போயிருப்பார்கள்.

உங்கள் மேசைக்கும் இப்படி ஒரு ஒப்பந்தம் வரும். நிபந்தனை நிறைவேறியதா, இல்லையா என்று பார்ப்பீர்கள். அது யாருடைய நன்மைக்கு எழுதப்பட்டது, யார் அதைத் தடுத்தார்கள் என்றும் பார்ப்பீர்கள். நல்லது, அதெல்லாம் தெரியாமல் கோர்ட்டுக்குப் போகாதீர்கள். கூடவே, அந்த வரியில் ஒரு ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், வாதம் முடிவதற்குள் ஒரு முறையாவது அவரிடம் போய்ப் பேசுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்ட சாயங்காலத்தைப் போல ஒரு சந்தோஷம் வேறு எந்த வேலையிலாவது கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். மருத்துவமனை வாசலில் வரிசையாக நாய்கள், பக்கத்து ஷட்டருக்கு முன்னால் வரிசையாக ஆட்டோக்கள். தனம் என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வக்கீலம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தப் பாயி இன்னும் ரெக்சின் விலையில எனக்கு ஒரு ரூவா கொறைக்க மாட்டேங்கறாரு. இதுக்கு ஒரு கேஸு போட முடியுமா?"